சோழியும் மின்கலமும்: பிழையை யார் சுமப்பது?

1

திண்டிவனம் செஞ்சி ரோட்டில் லாரி பேட்டரிகளுக்கு சார்ஜ் போடும் கடை ஒன்றில் என் பள்ளி விடுமுறைகள் கழிந்திருக்கின்றன. மாமா கடை. ஆசிட் தெறித்துப் பொத்தல் விழுந்த லுங்கி, கண்ணை எரிக்கும் வாடை, வரிசையாக மூடி கழற்றி வைத்த செல்கள். ஒரு பேட்டரியில் எவ்வளவு சரக்கு மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடிக்க மாமாவிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சி 'கிராவிட்டி' பார்ப்பது. ஆயிரத்து இருநூற்று ஐம்பதுக்குப் பக்கத்தில் நின்றால் நிறைந்திருக்கிறது; ஆயிரத்து நூற்றைம்பதுக்குக் கீழே போனால் காலி. சரியான கணக்குதான், ஆனால் நேரம் பிடிக்கும். இப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தால், இப்போதுதான் சார்ஜிலிருந்து எடுத்திருந்தால், ஆசிட் கலந்து அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று, செல் டெஸ்டரை இரண்டு முனையிலும் அழுத்தி, சில நொடி பெரிய மின்னோட்டத்தை இழுத்து, முள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. வேகமான வழி, தோராயமான வழி. லாரிக்காரர் அவசரப்பட்டால் இரண்டாவது. பேட்டரியை விலை பேசி வாங்குவதென்றால் முதலாவது.

'மணி பாக்கற மாதிரி இல்லடா இது, நாடி பாக்கற மாதிரி' என்பார் மாமா. அந்த வாக்கியத்தில் ஓர் அறிதல்முறை இருக்கிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

இன்று அதே சாலையில் மின்சார ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன. அவற்றின் மின்கலத்துக்கு மூடி கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் உறிஞ்சிப் பார்க்க முடியாது. வெளியிலிருந்து அளக்கக் கூடியவை மூன்றுதான்: மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம். இந்த மூன்றையும் வைத்து உள்நிலையை நொடிக்கு நொடி ஊகித்து, திரையில் '42 சதவீதம்' என்று காட்டுகிற வேலையை ஒரு சிறிய சில்லு செய்கிறது. வேகமாகக் கணக்கிட்டால் துல்லியம் குறைகிறது, துல்லியமாகக் கணக்கிட்டால் நேரம் கடந்துவிடுகிறது. பொறியாளர்கள் இதை ஒரு தொழில்நுட்பச் சமரசம் என்கிறார்கள். இதற்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஒரு பகுதி இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில் நடந்தது.

2

1825ஆம் ஆண்டு. பிரெஞ்சுக்காரராக இருந்தும் ஆங்கிலேயர் படையில் பணியாற்றி, சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பிலும் இருந்த ஜான் வாரன், 'கால சங்கலித' என்ற தன் பெரிய நூலைச் சென்னையில் வெளியிடுகிறார். தென்னிந்தியர் காலத்தைக் கணிக்கும் முறைகள் குறித்த தொகுப்பு அது. புதுச்சேரியில் வசித்த ஒரு பஞ்சாங்கக் கணிதரை அவர் சந்தித்திருக்கிறார். வாரனின் ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து அவர் பெயரை 'சாமிநாதன் சேஷய்யா' என்பதுபோல் நாம் படித்துக்கொள்ளலாம். சிதைந்த எழுத்தில்தான் அவர் நமக்குக் கிடைக்கிறார். அந்த ஆண்டு மே 31 - ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தாளில்லை, எழுதுகோலில்லை. தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு கணித்தார்.

விளைவு என்ன? தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. நவீன வானியல் வரலாற்றாய்வாளர் ஓட்டோ நியூகெபாவர் 1952இல் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில் இந்தக் கணக்கை வரி வரியாக ஆராய்ந்தார். பாபிலோனிய எண்முறைகளின் நீட்சி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் உயிரோடு இருந்ததை அதில் அவர் கண்டார்.

வாரன் இந்த மனிதரைப் பற்றி ஒரு தீர்ப்பும் எழுதிவைத்திருக்கிறார்: கோட்பாடு பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம். இந்தத் தீர்ப்பை நாம் சற்று நின்று வாசிக்க வேண்டும். கோட்பாடு ஒரு பக்கம், நினைவு ஒரு பக்கம் என்று இங்கே ஒரு கோடு போடப்படுகிறது. கோட்பாடு அறிந்தவன் அறிஞன். வாய்பாடு வைத்திருப்பவன் வெறும் கருவி. ஆனால் வாய்பாடு எங்கிருந்து வந்தது?

அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதே ஊரில் இருந்தார். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்து, 1769 ஜூனில் மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன லெ ழாந்தீல். ஒரு தமிழரிடம் கணக்கு முறையைக் கற்றுக்கொண்டு, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தோடு அதை ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த காலத்தில் தமிழ்க் கணக்கின் பிழை 41 விநாடி குறைவு. ஐரோப்பாவில் புகழ்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணையின் பிழை 68 விநாடி அதிகம்.

நமது பழம்பெருமைக்காரர்கள் 41 விநாடியைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். 52 நிமிடத்தைச் சொல்ல மாட்டார்கள். காலனியப் பார்வைக்கு 52 நிமிடம் போதும். இரண்டு எண்களும் ஒரே மரபிலிருந்து வந்தவை, இரண்டுமே உண்மை. ஒன்று கிரகணம் நீடித்த காலத்தை அளக்கிறது, மற்றொன்று அது நிகழ்ந்த தருணங்களை. ஒரு மரபின் துல்லியம் என்பது ஒற்றை எண் அல்ல. எதை, எப்போது, எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். மின்கலத்துக்கு வரும்போது இதை நாம் மறக்கக் கூடாது.

3

சோழிக் கணக்கின் வேகத்துக்குக் காரணம் 'வாக்கியம்'. சந்திரன் ஒரே சீரான வேகத்தில் நகர்வதில்லை. அருகில் வரும்போது விரைவாகவும் தொலைவில் மெதுவாகவும் போகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய இருபத்தேழரை நாள். இப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். ஆகவே 248 நாட்களுக்குச் சந்திரன் இருக்கும் இடத்தை ஒருமுறை கஷ்டப்பட்டுக் கணித்துவிட்டால் போதும், பிறகு அதே வரிசை திரும்ப வரும். அந்த 248 எண்களையும் எழுத்துக்களாக மாற்றி (கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண்) பொருளுள்ள சிறு சொற்றொடர்களாக்கி மனப்பாடம் செய்தார்கள். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் இவைதாம். மீதமிருக்கும் சிறு பிழை சேராமலிருக்க 3031 நாள், 12372 நாள் என்று பெரிய சுற்றுகளும் வைத்திருந்தார்கள்.

கடினமான கணக்கை முன்கூட்டியே ஒருமுறை போட்டு, விடையை வாய்பாடாக்கி, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது: இன்றைக்குச் சில்லுக்குள் எழுதப்படும் தேடல் அட்டவணையும் இதே உத்திதான். கோட்பாடு காணாமல் போய்விடவில்லை, சொற்றொடருக்குள் உறைந்து கிடக்கிறது. சேஷய்யாவுக்குக் கோட்பாடு தெரியாது என்று வாரன் சொல்லும்போது, அவருடைய ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கோட்பாட்டின் சேமிப்பு என்பது விடுபட்டுப் போகிறது.

வேகத்தை விடாமல் துல்லியத்தைக் கூட்டவும் முடியும். பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராம மாதவன் அதே 248 வாக்கியங்களைப் பாகையின் கலையளவிலிருந்து விகலையளவுக்குத் திருத்தினார். ஒரு நாளில் ஒன்பது முறை சந்திரன் இருக்குமிடத்தை அறியும் வழியையும் 'வேண்வாரோகம்' என்ற நூலில் தந்தார். மனப்பாடம் செய்பவனுக்குச் சுமை கொஞ்சம்தான் கூடியது.

ஆனால் வாய்பாட்டுக்கு ஒரு வியாதி உண்டு. வானத்தைப் பார்க்காமல் கணக்கை மட்டும் தள்ளிக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத சிறு பிழை ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். 1431இல் பரமேஸ்வரன், பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்த பிறகு, 'திருக்கணிதம்' என்று கணக்கையே திருத்தியமைத்தார். 'த்ருக்' என்றால் பார்வை. பார்வையால் கணக்கைத் திருத்துவது என்று அதற்குப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அந்த வழியில் பஞ்சாங்கம் வெளியிட்டார்.

இன்றும் நம் வீடுகளில் இரண்டு பஞ்சாங்கமும் உண்டு. 2020இல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 24. வாக்கியப்படி டிசம்பர் 27. கிட்டத்தட்ட பதினோரு மாத வித்தியாசம்! கிரகணத்தில் பதினோரு மாதம் தவறியிருந்தால் பஞ்சாங்கக்காரரைத் தெருவில் விட்டிருப்பார்களா? கிரகணம் எல்லோர் கண்ணிலும் படும். ராசி எல்லைக்கு வானத்தில் கோடு போட்டிருக்கவில்லை. சனி அதைத் தாண்டுவதை யாரும் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில் பிழை சௌகரியமாகக் குடியிருக்கும்.

4

இனி மின்கலம். காஸ்டன் பிளாண்டே 1859இல் ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். அது ஒரு தண்ணீர்த்தொட்டி மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. 1897இல் வில்ஹெல்ம் பாய்க்கெர்ட் அதற்கு ஒரு சூத்திரம் தந்தார். 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் எடுத்தால் 20 மணி நேரம் வரும். 50 ஆம்பியர் எடுத்தால் 2 மணி நேரம் வர வேண்டுமே? வராது. பாய்க்கெர்ட் அடுக்கெண் 1.2 என்றால் ஒன்றே கால் மணியில் படுத்துவிடும். அவசரப்பட்டு எடுத்தால் உள்ளேயிருப்பது முழுதும் வெளியே வராது. தகட்டின் நுண்துளைகளுக்குள் ஆசிட் ஊர்ந்து போகக் காலம் வேண்டும். ஒரே வரியில் எழுதிவிடலாம், விரலை மடக்கிக் கணக்கிடலாம். ஆனால் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால், வெப்பம் ஏறி இறங்கினால், சூத்திரம் தடுமாறும்.

1991இல் லித்தியம்-அயனி மின்கலம் சந்தைக்கு வந்தது. 1993இல் பெர்க்லியில் டாயில், புல்லர், நியூமன் மூவரும் அத்தகைய மின்கலத்துக்கான முழு இயற்பியல் மாதிரியை வெளியிட்டார்கள். மின்முனை என்பது எண்ணற்ற சிறு உருண்டைகள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் லித்தியம் மெதுவாகப் பரவுகிறது. உருண்டைகளுக்கு இடையே திரவத்தில் அயனிகள் நகர்கின்றன. மேற்பரப்பில் வினை நடக்கிறது. நான்கும் ஒன்றையொன்று பிணைத்த சமன்பாடுகள். மின்கலத்தின் குறுக்கே 50 புள்ளி, ஒவ்வொரு புள்ளியின் உருண்டைக்குள்ளும் 20 புள்ளி என்று எடுத்தாலே, ஒவ்வொரு கணத்துக்கும் ஆயிரம் தெரியாத எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆராய்ச்சிக்கூடக் கணினிக்குச் சரி. வண்டிக்குள் இருக்கும் மலிவுச் சில்லுக்கு?

அதற்கு நேர் எதிர் முனையில் 'சமானச் சுற்று'. மின்கலத்துக்குள் ஓர் அழுத்த மூலம், ஒரு தடை, ஒன்றிரண்டு தடை-மின்தேக்கி இணை இருப்பதாகப் பாவித்துக்கொள்வது. நொடிக்குச் சில பெருக்கல், கூட்டல் போதும். உள்ளே உண்மையில் தடையும் கிடையாது, மின்தேக்கியும் கிடையாது; வெளி நடத்தையைப் பாவனை செய்யும் பொம்மை. பழகிய சூழலில் நன்றாக ஆடும், பழகாத சூழலில் ஏன் தவறுகிறது என்று அதனால் சொல்ல முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை போட்டவர்களில் ஒருவர் காரைக்குடி மண்ணில் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. அங்கே மின்வேதிப் பொறியியல் படித்து அமெரிக்கா போன வெங்கட் சுப்பிரமணியனும் அவருடைய குழுவினரும் முழு இயற்பியல் மாதிரியை நிகழ்கணத்தில் ஓடவைப்பது குறித்து 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். துல்லியத்தை விடாமல் மில்லிசெகண்டு அளவில் கணக்கு முடிய வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. உத்தியை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: உருண்டைக்குள் இருபது புள்ளிகளை வைத்து மாரடிப்பதற்குப் பதில், உள்ளே லித்தியம் ஒரு பரவளைவு போலப் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள். அப்போது சராசரி, மேற்பரப்பு என்று இரண்டு எண் போதும்.

நிதானமாக மின்சாரம் எடுக்கும்வரை இந்த ஊகம் பிசகாது. திடீரென்று பெருமின்னோட்டம் இழுத்தால் உருண்டையின் தோல் காலியாகும், நடுவில் சரக்கு அப்படியே இருக்கும். பரவளைவு அந்த வடிவத்தைப் பிடிக்காது. அப்போது பல்லுறுப்பின் படியைக் கூட்ட வேண்டும், அதாவது சோழி இன்னும் சில வேண்டும். எத்தனை சோழி போதும் என்று தீர்மானிப்பதுதான் இந்தத் துறையின் முழு வேலையும். மாமாவும் அதைத்தானே செய்தார்?

5

ஆனால் நம் சாலைகளில் ஓடும் வண்டியில் முதலில் நடப்பது இதைவிடச் சாதாரணமான கணக்கு. உள்ளே போன மின்னோட்டம், வெளியே வந்த மின்னோட்டம், இரண்டையும் நொடிக்கு நொடி கூட்டிக் கழிப்பது. மளிகைக்கடைப் பேரேடு. வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் வாக்கியப் பஞ்சாங்கத்தின் வியாதி அப்படியே இதற்கும் உண்டு. 40 ஆம்பியர்-மணி மின்கலம், அளவியில் 0.1 ஆம்பியர் மட்டும் நிரந்தரப் பிழை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முழுக்க ஓடினால் 2.4 ஆம்பியர்-மணி, அதாவது 6 சதவீதம். பத்து நாள் திருத்தாமல் விட்டால் 60 சதவீதம். பேரேட்டில் பணம் இருக்கும், கல்லாவில் இருக்காது.

எனவே ஒரு 'த்ருக்' வேண்டும். ருடால்ப் கால்மான் 1960இல் தந்த வடிகட்டியின் சாரம் இதுதான்: மாதிரியை வைத்து அடுத்த கணத்தை முன்கூறு, பிறகு அளந்த மின்னழுத்தத்தோடு ஒப்பிடு, வித்தியாசத்தில் எவ்வளவை நம்புவது என்பதை, மாதிரியின் நம்பகமும் அளவியின் நம்பகமும் தீர்மானிக்கட்டும். 2004இல் கிரெகரி பிளெட் இதை மின்கலத்துக்கு விரிவாகப் பொருத்திக் காட்டினார். பரமேஸ்வரன் பல்லாண்டுகளில் செய்ததை இது ஒவ்வொரு நொடியும் செய்கிறது என்று சொன்னால் மிகை. ஆனால் கணக்கும் பார்வையும் ஒன்றையொன்று திருத்துகிற அந்த உறவு அதேதான்.

பார்வைக்கும் சிக்கல் உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலத்தில் நடுப்பகுதி முழுக்க மின்னழுத்தம் ஏறக்குறைய தட்டையாக நிற்கும். 70 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட்தான் வித்தியாசம். ராசி எல்லை போலத்தான். பார்த்தும் ஒன்றும் தெரியாது. வெப்பம் இன்னொரு சிக்கல். பஞ்சாங்கக்காரர் ஓர் ஊருக்குக் கணித்ததை இன்னோர் ஊரில் சொல்ல 'தேசாந்தரம்' திருத்துவார். மின்கல அட்டவணை குளிரூட்டிய ஆய்வகத்தில் 25 டிகிரியில் தயாராகியிருந்தால், சித்திரை மதியம் 40 டிகிரியில் தார்ச்சாலையில் நிற்கும் வண்டிக்கு யார் தேசாந்தரம் போடுவது? மின்கலம் மூன்று கோடை தின்று கிழடான பிறகு யார் போடுவது?

6

போன ஆண்டு என் அக்கா மகன் புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது கிளியனூர் தாண்டி வண்டி நின்றுபோனது. திரையில் 17 சதவீதம். ஒரு லாரியை முந்துவதற்குக் கைப்பிடியை முறுக்கியிருக்கிறான். எண் சரிந்து பூஜ்யம். இரவு ஒன்பது மணிக்கு மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மறுநாள் போன விற்பனைக்கூடத்தில் 'சாஃப்ட்வேர் அப்டேட் வரும் சார்' என்றார்கள். மாமாவின் மகன் கடையில் கேட்டேன். 'நாங்க என்னத்த பாக்கறது மாமா? தொறக்கவே விடல. தொறந்தா வாரண்டி போயிடும். உள்ள என்ன நம்பர் ஓடுதுன்னு அவங்க கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்' என்றான்.

அவன் சொன்னதில்தான் என் கேள்வி இருக்கிறது. வேகமும் துல்லியமும் சமரசம் செய்துகொள்ளும் இடத்தில் எப்போதும் ஒரு மிச்சப் பிழை விழுகிறது. அந்தப் பிழை யார் தலையில் விழுகிறது? மாமா தவறாகச் சொன்னால் லாரிக்காரர் மறுநாளே வந்து சண்டை போடுவார். பிழையின் பாரத்தில் ஒரு பங்கு மாமாவுடையது. சேஷய்யாவின் 52 நிமிடத்தைப் பட்டினியோடு காத்திருந்த வீடுகள் சுமந்தன. ஆனால் அவரும் அதே ஊரில், அதே வானத்தின் கீழ்தான் இருந்தார். இன்று மாதிரியை எழுதியவர் வேறெங்கோ இருக்கிறார். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நடுரோட்டில் நிற்கும் பையனுக்கும் அவருக்கும் நடுவில் மூடியில்லாத ஒரு பெட்டி. '17' என்று ஒற்றை எண்ணாகக் காட்டுவதே ஓர் அதிகாரச் சொல்லாடல். உள்ளே சில்லுக்குத் தன் சந்தேகத்தின் அளவு தெரியும், கால்மான் கணக்கில் அதுவும் சேர்ந்தே வருகிறது. 'பத்திலிருந்து இருபத்திரண்டுக்குள்' என்று சொல்ல அதனால் முடியும். சொல்லவிடுவதில்லை. சந்தேகத்தை மறைத்த எண்தான் சந்தையில் விலைபோகிறது.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டின் தீவிபத்துகளுக்குப் பிறகு மின்கலப் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. மின்கலத்தைக் கண்காணிக்கும் கணக்கு என்பது கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல, உயிர்க்கணக்கும் என்பதை அரசு ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கை வண்டி வாங்கியவர் படிக்கலாமா என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல விதி, 2024 ஆகஸ்ட் 18 முதல், மின்கலத்தின் உடல்நிலை குறித்த தரவைப் படித்துப் பார்க்கும் உரிமையை அதை வாங்கியவருக்குத் தருகிறது. ஸ்கூட்டர் மின்கலங்களுக்கும் அது பொருந்தும். அங்கே உரிமையான ஒன்று செஞ்சி ரோட்டுக்கு எட்டாததாக ஏன் இருக்க வேண்டும்?

வாய்பாட்டுக்குத் திரும்பிப் போவோம் என்று நான் சொல்லவில்லை. ஆசிட் வாடையையும் ஈயத்தூசியையும் மூச்சில் இழுத்துத்தான் மாமாவின் ஞானம் வந்தது. சோழிக் கணக்கும் எல்லாச் சாதிக்காரருக்கும் கற்றுக்கொடுக்கப்பட்ட கல்வியல்ல. மூடி என்பது இரும்பிலோ பிளாஸ்டிக்கிலோதான் இருக்க வேண்டுமென்பதில்லை. பழையதைப் புனிதமாக்கி என்ன ஆகப்போகிறது? நான் கேட்பது இவ்வளவுதான். எத்தனை சோழி போதும் என்பதை ஆய்வகம் தீர்மானிக்கட்டும். அது அவர்கள் தொழில். எவ்வளவு பிழை தாங்கும், அதை யார் தாங்குவது என்பதைத் தள்ளிக்கொண்டு வருகிறவனையும் கேட்டுத் தீர்மானியுங்கள். அதுவரை அவன் திரையில் தெரியும் எண், யாரும் வானத்தைப் பார்த்துச் சரிபார்க்காத சனிப்பெயர்ச்சிதான்.